பழைய வீட்டில் ஹீட்டர் மாற்றப் போகிறீர்களா? கடைக்குப் போகும் முன் வீட்டைச் சுற்றிப் பாருங்கள்

மதுரைக்காரனுக்கு எதற்கு வெந்நீர் என்று கேட்பவர்கள் மார்கழியில் விடிகாலை நாலரை மணிக்குப் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிப் பார்க்காதவர்கள். சித்திரையில் மாடித் தொட்டித் தண்ணீரே கையைச் சுடும், அது உண்மை, மத்தியானத்தில் குழாயைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்ட பிறகுதான் கால் கழுவ முடியும். ஆனால் ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து மாசி வரைக்கும், வீட்டில் வயதானவரோ கைக்குழந்தையோ இருந்தால், வெந்நீர் இல்லாமல் ஓடாது. ஹீட்டர் படுத்துக்கொள்வதும் சொல்லி வைத்தாற்போல அந்த நாட்களில்தான். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு அவசரத்தில் கடைக்கு ஓடி, எது கையில் கிடைக்கிறதோ அதைத் தூக்கிக்கொண்டு வருவது நம் எல்லோருக்கும் வழக்கம்.

எங்கள் வீடு சிம்மக்கல் பக்கம், தாத்தா காலத்துக் கட்டடம், சுண்ணாம்புக் காரைச் சுவர், பின்கட்டில் குளியலறை. இங்கே நான் மாட்டியிருப்பது மூன்றாவது ஹீட்டர். முதலாவது நாலு வருஷத்தில் தொட்டி ஓட்டையாகி ஒழுகியது. இரண்டாவது இரண்டு வருஷம்கூட ஓடவில்லை, தண்ணீரைச் சூடாக்கும் எலிமெண்ட் கருகிப் போனது, அதற்கு முன்பே குழாயைத் தொட்டால் சுர்ரென்று இருந்தது. இரண்டு முறையும் நான் பார்த்தது பிராண்டு, ஆஃபர், ஸ்டார். மூன்றாவது முறை கழற்ற வந்த பிளம்பர் பழைய ஹீட்டரைத் தரையில் கவிழ்த்தார், வெள்ளை வெள்ளையாக ஒரு சட்டி நிறையக் கட்டி விழுந்தது. "தம்பி, காளவாசல் எங்க இருக்குன்னு யாராவது கேட்டா இதக் காட்டிருங்க" என்றார். (மதுரையில் காளவாசல் ஸ்டாப்பில் தினமும் இறங்குகிற பலருக்கு அந்தச் சொல்லுக்குச் சுண்ணாம்பு, செங்கல் சுடும் சூளை என்று பொருள் என்பதே தெரியாது.) ஹீட்டரைக் கொன்றது கம்பெனி இல்லை, எங்கள் வீடுதான் என்று அப்போதுதான் உறைத்தது. அதனால் மூன்றாவதை வாங்குவதற்கு முன்பு வீட்டைத்தான் சோதித்தேன். தண்ணீர், வயர், சுவர், குழாய் என்ற வரிசையில். அது ஆறு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் பாதி விஷயம் அங்கேயே முடிந்துவிடும். உங்கள் மாடித் தொட்டியில் இருப்பது எந்தத் தண்ணீர்? கார்ப்பரேஷன் குழாயில் வரும் வைகைத் தண்ணீரா, போர் தண்ணீரா, இரண்டும் சம்ப்பில் கலந்து ஏறுகிறதா? பெரும்பாலான பழைய வீடுகளில் மூன்றாவதுதான். நல்ல தண்ணீர் வராத நாளில் போர் போட்டு நிரப்பிவிடுகிறோம். சோப்பு நுரைக்கவில்லை, எவர்சில்வர் வாளி ஒரு மாதத்தில் வெள்ளை பூக்கிறது, ஷவர் ஓட்டைகள் அடைத்துக்கொள்கின்றன, இட்லிக் கொப்பரையின் அடியில் கெட்டியாகப் படிகிறது என்றால் அது கடினத் தண்ணீர், வேறு சோதனையே தேவையில்லை. எண்ணாகத் தெரிய வேண்டும் என்றால் ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கித் தொட்டித் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். ஆனால் அது காட்டுவது கரைந்திருக்கும் எல்லா உப்பையும்தான், அதில் சுண்ணாம்பு எவ்வளவு என்று சொல்லாது. கடினத்தன்மையைத் தனியாகப் பார்க்கச் சொட்டு மருந்து மாதிரி ஒரு கிட் கிடைக்கிறது, இல்லையென்றால் தண்ணீர் சோதிக்கும் லேபில் ஒரு பாட்டில் கொடுத்தால் போதும். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் (ஐஎஸ் 10500) கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. அது குடிப்பதற்கான கணக்கு. ஹீட்டருக்கு 200-ஐத் தாண்டினாலே வேலை கூடிவிடும்.

என்ன நடக்கிறதென்றால், இந்தத் தண்ணீர் சூடாகும்போது கரைந்திருந்த சுண்ணாம்பு பிரிந்து, எங்கே சூடு அதிகமோ அங்கே போய் ஒட்டுகிறது. எலிமெண்ட்தான் அந்த இடம். அதன் மேல் ஓடு மாதிரி மூடிக்கொண்டால் சூடு தண்ணீருக்குப் போகாது, எலிமெண்ட் உள்ளேயே வெந்து கருகும். அதற்கு முன்பே கரண்டு பில் ஏறும், தண்ணீர் காய நேரம் கூடும், உள்ளே சட்டி கொதிக்கிற மாதிரி கடகடவென்று சத்தம் வரும். டீக்கடை பாய்லருக்குள் காசு போட்டு வைப்பார்களே, கொதி வந்தால் சத்தம் கேட்கட்டும் என்று, கிட்டத்தட்ட அந்தச் சத்தம். டீக்கடையில் அது நல்ல சகுனம். உங்கள் குளியலறையில் இல்லை.

இதற்கு நான் செய்த வேலை ஹீட்டரை விட மலிவு. மாடியில் ஒரு சின்னத் தொட்டியைத் தனியாக வைத்து, அதில் நல்ல தண்ணீர் மட்டும் ஏறும்படி செய்து, ஹீட்டருக்கும் சமையலறைக்கும் அதிலிருந்து லைன் இழுத்தேன். கக்கூசுக்கும் துணி துவைக்கவும் பழைய தொட்டி, பழைய உப்புத் தண்ணீர். இடமும் நல்ல தண்ணீரும் உள்ளவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள். போர் தண்ணீர் மட்டும்தான் கதி என்கிற புறநகர்க்காரர்கள் சாஃப்ட்னர் என்ற, கடினத்தன்மையைக் குறைக்கும் கருவியை வைக்கலாம், ஆனால் அதற்கு அவ்வப்போது உப்புப் போட்டுக் கழுவ வேண்டும், வீட்டில் அதை நினைவு வைத்துச் செய்கிற ஆள் இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஹீட்டரோடு இலவசமாகக் கொடுக்கும் சின்ன ஃபில்டர் உருளைகளை நம்பி இருக்காதீர்கள், கெட்ட உப்புத் தண்ணீருக்கு முன்னால் அதெல்லாம் எம்மாத்திரம்.

தண்ணீர் தெரிந்தால் தொட்டியின் உலோகத்தைத் தேர்ந்தெடுப்பது சுலபம். கடைக்காரர் எவர்சில்வர் தொட்டி என்றால் துருவே பிடிக்காது என்பார். நல்ல தண்ணீருக்கு அது சரிதான். ஆனால் உவர்ப்பு அடிக்கிற போர் தண்ணீரில் குளோரைடு அதிகம், அது எவர்சில்வரை வெல்டிங் வைத்த இடத்தில் பொடிப் பொடியாகக் குழி பறித்து ஓட்டை போடும். எங்கள் முதல் ஹீட்டர் அப்படித்தான் போனது. அந்த மாதிரித் தண்ணீருக்கு இரும்புத் தொட்டிக்குள் கண்ணாடிப் பூச்சுப் பூசி, உள்ளே மெக்னீசியம் ஆனோடு கம்பி வைத்த ரகம் மேல். அந்தக் கம்பி என்ன செய்கிறதென்றால், தொட்டியை அரிக்க வருவதற்குத் தன்னை இரையாகக் கொடுத்து மெல்ல மெல்லக் கரைகிறது. கரைந்து முடிந்த பிறகு தொட்டியின் முறை. ஆகவே கம்பியைப் பார்த்து மாற்றினால் மட்டுமே அந்தத் தொட்டிக்கு ஆயுசு. நம் ஊரில் ஹீட்டர் வைத்திருக்கும் பத்துப் பேரைக் கேளுங்கள், ஆனோடு என்று ஒன்று உள்ளே இருப்பதே ஒன்பது பேருக்குத் தெரியாது. எலிமெண்ட் விஷயத்தில், உப்புத் தண்ணீருக்குச் சாதாரணச் செம்பு உறையை விட இன்கோலாய் (நிக்கல் கலந்த உலோகக் கலவை) உறையோ கண்ணாடிப் பூச்சு உறையோ உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது அளவு. இதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது, பயப்பட வேண்டாம். ஒரு யூனிட் கரண்டு (ஒரு கிலோவாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் ஆவது), 860 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்றும். மார்கழி விடியலில் தொட்டித் தண்ணீர் 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 25 லிட்டர் ஹீட்டரை 60 டிகிரிக்கு ஏற்ற 25-ஐ 35-ஆல் பெருக்கினால் 875, அதாவது ஏறத்தாழ ஒரு யூனிட். 2 கிலோவாட் ஹீட்டருக்கு அரை மணி நேரம். அந்த 60 டிகிரித் தண்ணீரில் பச்சைத் தண்ணீர் கலந்து குளிக்கிற பதமான 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 58 லிட்டர் கிடைக்கும், 20 லிட்டர் வாளியில் கிட்டத்தட்ட மூன்று வாளி. 15 லிட்டர் ஹீட்டர் என்றால் 35 லிட்டர், இரண்டு வாளிக்குக் கொஞ்சம் குறைவு, நேரம் 18 நிமிடம். இவ்வளவுதான், இனி உங்கள் வீட்டு ஆட்களை எண்ணிக்கொள்ளுங்கள்.

வாளியில் மொண்டு குளிக்கும் நாலு பேர் வீட்டுக்கு 15 லிட்டர் போதும், ஒருவர் குளித்து இன்னொருவர் வருவதற்குள் மறுபடி காய்ந்துவிடும். ஷவர் என்றால் 25. தீபாவளியன்று விடியுமுன்னே மொத்தக் குடும்பமும் தலைக்கு எண்ணெய் வைத்து வரிசையில் நிற்குமே, அந்த ஒரு நாளுக்காக 50 லிட்டர் வாங்காதீர்கள். அன்றைக்கு அடுப்பில் ஒரு அண்டா வைத்துக்கொள்ளலாம்.

உடனடி ஹீட்டர் என்று 3 லிட்டரில் ஒன்று விற்கிறதே, விலையும் குறைவு, அது எப்படி? சமையலறைப் பாத்திரத்துக்குச் சரி. குளிக்க என்றால் அதே கணக்கைப் போடுங்கள். 3 கிலோவாட் என்பது நிமிடத்துக்கு 43 லிட்டரை ஒரு டிகிரி ஏற்றும், 15 டிகிரி ஏற வேண்டும் என்றால் நிமிடத்துக்கு 3 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும், ஒரு வாளி நிரம்ப ஏழு நிமிடம். குழாயை முழுசாகத் திறந்தால் வெதுவெதுப்புதான் வரும். அது பரவாயில்லை, பெரிய சிக்கல் அது இழுக்கும் கரண்டு. இங்கேதான் பழைய வீடுகள் மாட்டிக்கொள்ளும்.

2 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், 3 கிலோவாட் 13 ஆம்பியர். எங்கள் வீட்டுக் குளியலறைக்குப் போயிருந்தது ஒரு பல்பும் ஒரு சின்ன ப்ளக்கும் எரிய என்று எப்போதோ இழுத்த பழைய அலுமினிய வயர், பீங்கான் ஃபியூஸ் கேரியரில் யாரோ தடித்த கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள். ஃபியூஸ் போகவே போகாது, வயர்தான் போகும். ஆகவே ஹீட்டருக்கு மெயின் போர்டிலிருந்து நேராகத் தனி லைன் இழுங்கள். 2 கிலோவாட்டுக்கு இரண்டரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு வயர், 16 ஆம்பியர் எம்சிபி (லோடு மீறினால் தானே விழும் ஸ்விட்ச்). 3 கிலோவாட் என்றால் நாலு ஸ்கொயர், 20 ஆம்பியர். அதோடு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று. கரண்டு கொஞ்சம் கசிந்தாலும் லைனை வெட்டிவிடும் பெட்டி அது. ஹீட்டர் வாங்கப் பணம் குறைகிறது என்றால் ஹீட்டரில் ஒரு மாடல் கீழே இறங்குங்கள், இதில் இறங்காதீர்கள்.

எர்த், அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் லைன், அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூணு பின் சாக்கெட் இருக்கிறது என்பதற்காக எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பழைய வீடுகளில் எர்த் குழி எங்கே என்று யாருக்கும் தெரியாது, அல்லது அதன் மேல் டைல்ஸ் போட்டிருப்பார்கள். என் இரண்டாவது ஹீட்டர் சுர்ரென்று அடித்தது ஏன் என்று தோண்டியபோது தெரிந்தது, மாட்டிய ஆள் எர்த் இல்லாததால் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலை (கரண்டு திரும்பிப் போகும் வயரை) எர்த் முனைக்கு லூப் போட்டுவிட்டுப் போயிருந்தார். நியூட்ரல் எங்காவது அறுந்தால் ஹீட்டரின் உடம்பு முழுக்க, குழாய் வரைக்கும், கரண்டு நிற்கும். ஈரக் காலோடு நாம் அதைத் தொடுவோம். எலக்ட்ரீஷியனிடம் மீட்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே கிட்டத்தட்ட முழு வோல்டேஜ் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது, ஆனால் சுத்தமாகப் பூஜ்யம் என்றால் சந்தோஷப்படாதீர்கள், அந்த லூப்பாக இருக்கலாம், சாக்கெட்டைத் திறந்து பாருங்கள். பழைய குழி செத்திருந்தால் புதிதாக ஒன்று போடுவது ஒரு நாள் வேலை.

பில் கணக்கும் ஒரு வரி. தினம் ஒரு யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். நம் தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழே உள்ள யூனிட்டுகளின் விலையும் மாறிவிடுகிறது. ஏற்கெனவே 450, 460-ல் நிற்கும் வீடு என்றால் ஹீட்டர் உங்களை அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

சுவர். இதை யாரும் சொல்வதில்லை. 25 லிட்டர் ஹீட்டரில் தண்ணீரே 25 கிலோ, உடம்போடு சேர்த்து 35 கிலோவுக்கு மேல் போகும். சிமெண்டுச் சுவருக்கென்று செய்த ஆங்கர் போல்ட்டைச் சுண்ணாம்புக் காரையில் அடித்தால் மாட்டும் அன்றைக்குக் கெட்டியாகத்தான் இருக்கும். நாள்பட நாள்பட ஈரத்தில் காரை உதிரும், போல்ட்டு வழுக்கும். விரலால் சுரண்டினால் மணலாகக் கொட்டுகிற சுவரா என்று முதலில் பாருங்கள். அப்படியென்றால் கொத்தனாரை வைத்து அந்த இடத்தில் மட்டும் காரையைக் கொத்தி எடுத்து, போல்ட்டை வைத்துக் கான்கிரீட் போட்டு அடைத்து, ஒரு வாரம் தண்ணீர் விட்டுக் காயவிட்டு அப்புறம் மாட்டலாம். மெல்லிய சுவர் என்றால் மறுபக்கம் வரை துளைத்து, அங்கே இரும்புத் தகடு வைத்து நட்டு போடலாம். நான் செய்தது இன்னும் எளிது, வெல்டிங் பட்டறையில் ஆங்கிளில் ஒரு ஸ்டாண்டு அடித்துத் தரையில் நிறுத்தி, பாரம் அதில் இறங்கும்படி, சுவரில் சாயாமல் இருக்க மட்டும் இரண்டு போல்ட்டு. பார்க்க அழகாக இல்லை என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு வாங்கினேன். கூரை தாழ்வு என்று படுக்கை மாடல் தேடுபவர்கள் படுக்கைக்கென்றே செய்ததை வாங்குங்கள், நிற்கிற மாடலைச் சாய்த்து மாட்டினால் எலிமெண்ட் தண்ணீருக்கு மேலே நிற்கக்கூடும்.

குழாய்க்கு வருவோம். பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயை ஒரு இடத்தில் அறுத்துப் பாருங்கள், அரை இஞ்ச் குழாய்க்குள் பென்சில் போகிற அளவுதான் வழி இருக்கும், மீதி எல்லாம் துருவும் உப்பும். புது ஹீட்டரை அதில் மாட்டிவிட்டு ப்ரெஷர் இல்லை என்று கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. வெந்நீர் லைனை சிபிவிசி-க்கு மாற்றுங்கள், வெந்நீருக்கென்றே வரும் பிளாஸ்டிக் குழாய் அது, 90 டிகிரி வரை தாங்கும். சாதாரண வெள்ளை பிவிசி மலிவு என்று சில பிளம்பர்கள் அதையே வெந்நீருக்கும் போடுவார்கள், விடாதீர்கள், இளகித் தொங்கும், இணைப்பில் கழன்றுகொள்ளும். ஹீட்டரைக் குளியலறைக்குள்ளேயோ அதை ஒட்டியோ வையுங்கள். அரை இஞ்ச் குழாய் பத்து மீட்டருக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் அதைக் கொட்டிய பிறகுதான் சூடு வரும்.

தண்ணீர் அழுத்தம் என்பது தொட்டியின் உயரம்தான், மீட்டருக்கு 0.1 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). ஒற்றை மாடி வீட்டில் தொட்டி ஷவருக்கு மூன்று மீட்டர் மேலே இருந்தால் 0.3 பார், தொட்டி வைத்த ஹீட்டருக்கு அது போதும். 8 பார் தாங்கும் என்று பெருமையாக எழுதியிருக்கிறதே, அது அடுக்குமாடிக்கும் ப்ரெஷர் பம்ப் வைத்த வீட்டுக்கும். நம் மாதிரி வீட்டுக்கு அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

மற்ற வழிகளையும் பார்த்துவிடலாம். கேஸ் ஹீட்டர் கரண்டு இல்லாதபோதும் ஓடும், சூடும் நிற்காமல் வரும். ஆனால் அதைக் குளியலறைக்குள் மாட்டுவது பற்றி யோசிக்கவே வேண்டாம். ஒரு சாண் ஜன்னல் உள்ள பழைய குளியலறையில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், வாசனையும் இல்லை நிறமும் இல்லை, தலை சுற்றுகிறதே என்று உணர்வதற்குள் எழுந்து கதவைத் திறக்கத் தெம்பிருக்காது. காற்றோட்டமான திறந்த முற்றத்தில் மாட்டிக் குழாய் மட்டும் உள்ளே கொண்டுபோகலாம். அதற்கும் ஒரு குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும், தொட்டி தாழ்வாக இருந்தால் பற்றவே பற்றாது, வாங்கும் முன் அட்டையில் அந்த எண்ணைப் பாருங்கள்.

சோலார் எனக்குப் பிடிக்கும், எங்கள் வீட்டுக்குத்தான் பொருந்தவில்லை. 100 லிட்டர் சோலாரில் தண்ணீர் மட்டுமே 100 கிலோ, ஸ்டாண்டும் கண்ணாடிக் குழாய்களும் தனி, அத்தனையும் நாலு கால் வழியாக இறங்கும். மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிய பழைய மாடியில் அதைத் தூக்கி வைக்கும் முன் விவரம் தெரிந்த இன்ஜினீயர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். தவிர, உங்கள் தண்ணீர்த் தொட்டி சோலார் தொட்டியை விட உயரத்தில் இருக்க வேண்டும், பழைய வீடுகளில் பெரும்பாலும் அப்படி இருக்காது. நமக்கு வெந்நீர் வேண்டிய ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கிடக்கும் என்பதும் இருக்கிறது. கான்கிரீட் மாடி, நல்ல தண்ணீர், தெற்கே மறைப்பில்லாத வெயில், மூன்றும் உள்ள திருநகர் மாதிரி இடத்துக்காரர்கள் தாராளமாகப் போடலாம், உள்ளே கரண்டு எலிமெண்ட் ஒன்றும் சேர்த்து.

அப்பத்தா காலத்துச் செம்பு பாய்லர் பரணில் இருக்கிறதா? நடுவில் குழாய், கீழே தணல் போடும் தட்டு, பக்கத்தில் பித்தளைத் திருகு. பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒழுகினால் பற்று வைத்துவிடலாம். பத்து கொட்டாங்குச்சியும் கொஞ்சம் கரியும் போட்டால் ஒரு குடும்பத்துக்குத் தண்ணீர் காய்ந்துவிடும், தீபாவளிக்கு எங்கள் முற்றத்தில் இன்றைக்கும் அதுதான். திறந்தவெளியில் மட்டும். புகையை உள்ளே விடக் கூடாது என்பது இதற்கும் பொருந்தும்.

இவ்வளவும் பார்த்த பிறகு டவுன்ஹால் ரோட்டுக்கோ மாசி வீதிக்கோ போங்கள். கடையில் அரை மணி நேரம்தான் வேலை. ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா, அதன் மேலே ஐஎஸ் 2082 என்றும் கீழே சிஎம்/எல் (CM/L) என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். உடனடி ஹீட்டருக்கு ஐஎஸ் 8978. அந்த உரிம எண்ணை, முத்திரை தரும் அரசு அமைப்பின் பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் யாருடைய உரிமம் என்று அங்கேயே காட்டும். கடைக்காரர் முன்னால் போட்டுப் பார்க்கச் சங்கடப்படாதீர்கள், காசு நம்முடையது.

ஸ்டார் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் மாறுபடும். ஹீட்டரின் ஸ்டார், காய்ந்த தண்ணீரை ஒரு நாள் முழுக்கச் சூடாக வைத்திருக்க எவ்வளவு கரண்டு வீணாகிறது என்பதை வைத்துத் தருவது. காலையில் அரை மணி போட்டு, குளித்துவிட்டு அணைக்கிற வீட்டில் மூன்று ஸ்டாருக்கும் ஐந்து ஸ்டாருக்கும் பில்லில் பெரிய வித்தியாசம் தெரியாது. காலையில் ஆறு மணிக்கு ஒருவர், எட்டுக்கு ஒருவர், பத்துக்கு ஒருவர் என்று குளிக்கிற வீட்டில் தெரியும். உங்கள் வீடு எது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

வாரண்டி அட்டையைப் பிரித்துப் படியுங்கள், வெளியே பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் தொட்டிக்கு மட்டும் உள்ள வருஷங்கள். எலிமெண்டுக்கு எத்தனை, மற்ற பாகத்துக்கு எத்தனை என்று உள்ளே தனித்தனியாக இருக்கும். கடினத் தண்ணீரால் வரும் கேடு சேராது என்றோ, ஆனோடு குறிப்பிட்ட காலத்தில் மாற்றியிருக்க வேண்டும் என்றோ பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். எந்த பிராண்டு என்று கேட்கிறீர்களா? ஐஎஸ்ஐ உள்ள, பேர் தெரிந்த கம்பெனிகளில் எதுவும் சரி. அந்தக் கம்பெனியின் சர்வீஸ் நம்பருக்கு வாங்குவதற்கு முன்பே போன் போட்டு, "அண்ணே, சிம்மக்கல்லுக்கு ஆள் வர எத்தனை நாளாகும், ஆனோடு ராடு ஸ்டாக் இருக்கா" என்று கேட்டேன். ஒரு இடத்தில் ஆனோடு என்றால் என்ன என்று திருப்பிக் கேட்டார்கள். இன்னொரு இடத்தில் மாடல் நம்பர் கேட்டு விலையும் சொன்னார்கள். இரண்டாவதை வாங்கினேன்.

மாட்டும் நாளில் பக்கத்திலேயே நில்லுங்கள். பச்சைத் தண்ணீர் உள்ளே போகும் முனையில் சேஃப்டி வால்வு கட்டாயம் வேண்டும். 25 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குக் காயும்போது மூன்றில் ஒரு பங்கு லிட்டர் அளவு பெருக்கும், போக வழியில்லாத அந்தத் தண்ணீர் வால்வு வழியாகச் சொட்டும். அது ஒழுகல் இல்லை. சொட்டுகிறதே என்று அதன் வாயை அடைக்கச் சொல்லும் பிளம்பரை, அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், தடுத்துவிடுங்கள், சொட்டை ஒரு சின்ன டியூப் வழியாகத் தரைக்குக் கொண்டுபோனால் போதும். தொட்டி நிரம்பி வெந்நீர்க் குழாயில் தடையில்லாமல் தண்ணீர் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்விட்சைத் தொட வேண்டும், காலித் தொட்டியில் போட்டால் புது எலிமெண்ட் அன்றைக்கே போய்விடும். தெர்மோஸ்டாட் 55, 60-ல் நிற்கட்டும். 75-ல் வைத்துப் பாதிக்கு மேல் பச்சைத் தண்ணீர் கலப்பது சுண்ணாம்பை நீங்களே விருந்துக்கு அழைப்பது மாதிரி.

அப்புறம் வருஷத்துக்கு ஒரு முறை, புரட்டாசியிலேயே, சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். தீபாவளி நெருங்கிவிட்டால் ஆள் கிடைக்க மாட்டார். எலிமெண்டைக் கழற்றி எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊற வைத்துத் தேய்க்கட்டும், பாத்ரூம் ஆசிட் ஊற்ற விடாதீர்கள். அடியில் தங்கியதைக் கொட்டிக் கழுவட்டும். ஆனோடைக் கையில் வாங்கிப் பாருங்கள், பாதிக்கு மேல் கரைந்து உள்ளே இருக்கும் கம்பி தெரிந்தால் மாற்றிவிடுங்கள். எலிமெண்டைக் கழற்றினால் கேஸ்கெட்டும் (ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) புதிது போட வேண்டும், பழையதையே திருப்பி வைத்தால் ஒரு வாரத்தில் ஒழுகும். மாட்டிய தேதி, ஆனோடு மாற்றிய தேதி எல்லாவற்றையும் ஹீட்டரின் உடம்பிலேயே மார்க்கர் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். பில்லை மட்டும் அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள், கடைகளில் கொடுப்பது தெர்மல் பேப்பர், வாரண்டி கேட்டுப் போகும் நாளில் பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத் தாள்தான் இருக்கும்.